பேரைச் சொல்லு

சிலாவத்துறை
2011 பெப்ரவரி 6

அன்புத் தங்கச்சி மர்ளியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் மதினியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நீயும் மச்சான் றஸீனும் மருமகள் றிஷ்னாவும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம்.

போன் இருக்கக் கடிதம் என்னத்துக்கு என்று கேட்பாய். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். ஏறி நின்று எடுத்தாலும் நீ "சுகம், சுகம், வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். வாயில் வராத கதையெல்லாம் உனக்குப் பேனையில்தான் வரும்.

இருபது வருடம் கழித்து வந்தால், நம் காணியில் நம்மைவிட உயரமாகப் பற்றை. பள்ளிக்கூடம் என்பது இரண்டு தகரக் கொட்டில். அதில் ஒன்றில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு மாணவி எழும்பி, "சேர், பேயும் ஷைத்தானும் ஒரே ஆளா, ரெண்டு ஆளா?" என்றாள். முப்பது வருடம் படிப்பித்தவன், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பி வந்தேன். அன்று தொடங்கியதுதான் இந்த வேலை. அந்தாளுக்கு உலகத்தில் எத்தனை பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். உங்கள் கண்டக்குழியில் யார் யார் என்னென்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. பக்கத்து வளவுப் பவுலினாவிடம் கட்டாயம் கேள். கோயிலில் அவர்களுக்கு வேறு பெயர்கள் இருக்கும்.

அவளுக்கு என் அன்பைச் சொல். தொண்ணூறில் ஊரை விட்டு விரட்டப்பட்டு, வள்ளத்தால் இறங்கி மணலில் குந்திக்கொண்டிருந்த நமக்கு அவள் அவித்துக் கொண்டுவந்த மரவள்ளிக் கிழங்கை நான் மறக்கவில்லை.

உன் நானா,
இஸ்ஸதீன்


கண்டக்குழி
2011 பெப்ரவரி 27

அன்புள்ள நானாவுக்கு ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் கருவாடு காயப்போடும் வாடியின் உப்பில் கைவிரல் வெடித்திருக்கிறது. அது புதுச் செய்தி இல்லை.

மற்றவர்கள் வீடு கட்டத் தகரம் தேடுகிறார்கள். நீங்கள் ஷைத்தானுக்குப் பெயர் தேடுகிறீர்கள். மதினி பாவம்.

சரி, கேட்டதற்குச் சொல்கிறேன். உங்கள் மச்சான் கடலில் அந்தப் பெயரை வாயில் எடுக்கமாட்டார். "அது" என்றுதான் சொல்வார். பெயர் சொன்னால் வந்துவிடுமாம், வலை கிழிந்துவிடுமாம். கரைக்கு வந்தபிறகு றிஷ்னாவை "ஷைத்தான் குட்டி" என்று கொஞ்சுவார். பவுலினாவிடம் கேட்டேன். கோயிலில் "பசாசு" என்பார்களாம். "சாத்தான்" என்றும் சொல்வார்களாம். ஆனால் அவள் வாயில் நாள் முழுக்க வருவது "யக்கோ!" என்ற சிங்களம்தான், அதுவும் அவளுடைய ஆட்டுக்கு. விற்கிற இடியப்பத்துக்கு உலர்த்திய மாவைத் தின்றுவிட்டதாம்.

பள்ளிக்கூடம் விட்டால் றிஷ்னா அவள் வீட்டில்தான் கிடை. நான் வாடியால் வர அஸர் தொழுகை நேரம் ஆகிவிடும். என் கையால் அரை ரொட்டி இறங்காத பிள்ளை அங்கே நாலு இடியப்பம் தின்கிறாள். என் கண்ணாடி உடைந்துபோனதால் உங்கள் கோழிக் கிறுக்கலை வாசித்துக் காட்டுவதும் அவள்தான். உங்கள் கொப்பிக் கதையைக் கேட்டதிலிருந்து மாமா எப்போது பட்டியல் அனுப்புவார் என்று உயிரை எடுக்கிறாள்.

மதினிக்கு ஸலாம் சொல்லுங்கள்.

மர்ளியா


சிலாவத்துறை
2011 மார்ச் 20

தங்கச்சிக்கும், இதை உரத்து வாசிக்கப்போகும் மருமகளுக்கும் ஸலாம்.

நாங்கள் சுகம். யானை ஒன்று வந்து மதினியின் வாழையைத் தின்றுவிட்டுப் போனது. அதற்கு அவள் வைத்த பெயர்களையும் கொப்பியில் ஏற்றலாமா என்று யோசிக்கிறேன்.

றிஷ்னா, இதோ பட்டியல். நம் மார்க்கத்தில் இப்லீஸ், ஷைத்தான், மலஊன். விரட்டப்பட்டவன் என்பதால் ரஜீம். தஜ்ஜால் வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதே. பவுலினா அன்ரியின் ஆட்களுக்குச் சாத்தான், பசாசு, லூசிபேர். சிங்களத்தில் யக்கா, மாரயா. பழைய தமிழில் அழகான பெயர்கள் உண்டு: அலகை, கூளி, குணங்கு, கழுது. சொல்லிப் பார், வாயில் புளியங்கொட்டை உருளுவதுபோல் இருக்கும்.

இன்னொன்று, அஸாஸீல். இப்லீஸ் விரட்டப்படுவதற்கு முன்னால், வணக்கசாலியாக இருந்த காலத்தில், அவனுக்கு அதுதான் பெயர் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கீழ்ப்படியவில்லை என்றதும் அந்தப் பெயரும் போய்விட்டதாம். எனக்கு அந்த இடத்தில் மட்டும் அவன் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். இதை உங்கள் மௌலவியிடம் சொல்லிவிடாதே.

பாடமாக்கி வை. வரும்போது கேட்பேன். எல்லாம் சொன்னால் ஒரு கடிகாரம்.

மாமா


கண்டக்குழி
2011 மே 8

அன்புள்ள நானா, ஸலாம்.

உங்கள் சுகத்துக்கு துஆ. எங்கள் சுகத்தைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை.

றிஷ்னாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் எடுத்த மருந்துக்கு விடுகிறது, திரும்ப வருகிறது. சாப்பாடு இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே என்னென்னவோ முணுமுணுக்கிறாள். உங்கள் மச்சான் கடலுக்குப் போய் ஐந்து நாள்.

பிள்ளை எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாடியில் என்னோடு வேலை செய்யும், எங்களுக்கெல்லாம் மூத்த அக்காவான கைருன்னிஸா தாத்தா, ஓதிப் பார்க்கிற முத்தலிபு பரிசாரியாரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறா. பவுலினா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மர்ளியா, ஓதுறதப் பொறகு ஓது. முதல்ல பிள்ளையப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, நானும் வாறன்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளைக்கு என்ன செய்வதென்று அவள் எனக்குச் சொல்ல வேண்டுமா?

இதை நானே எழுதி நானே பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். துஆச் செய்யுங்கள்.

மர்ளியா


சிலாவத்துறை
2011 மே 15

தங்கச்சி,

ஸலாம். பெரிய எழுத்தில் எழுதுகிறேன், நீயே வாசி. ஒன்பது நாள் காய்ச்சல் பயந்த கோளாறு இல்லை. பவுலினா சொன்னதுதான் சரி. ஓதுவதில் பிழை இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஓதலாம். கடிதம் கிடைத்த கையோடு புறப்படு. குளக்கட்டில் ஏறி மூன்று தரம் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை.

நானா


கண்டக்குழி
2011 ஜூன் 12

அன்புள்ள நானா, ஸலாம்.

றிஷ்னாவுக்குச் சுகம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கடிதம் வருமுன்னே எல்லாம் நடந்துவிட்டது. பரிசாரியார் அஸருக்குப் பிறகு வந்தார். சாம்பிராணிப் புகை போட்டு, பிள்ளையை நடுவில் இருத்தி ஓதினார். அவர் முறை அப்படித்தான்: பிடித்திருப்பது தன் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால் போய்விடும். "பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்று பிரம்பால் பாயில் அடித்தார். பிள்ளை முதலில் அழுதாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். இப்லீஸ் என்றாள், மலஊன் என்றாள், கூளி, கழுது என்றாள். அஸாஸீல் என்றதும் பரிசாரியாருக்கே வேர்த்துவிட்டது. "பத்து வயசுப் புள்ளக்கி இது எப்பிடித் தெரியும்? இது படிச்ச சாமான்" என்றார். "இதெல்லாம் பட்டம், உன்ட சொந்தப் பேரைச் சொல்லு" என்று திரும்பவும் அடித்தார்.

கடைசியில் ஒரு பெயர் வந்தது. முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. பவுலினா என்று.

சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை, பவுலினா படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள், கையெல்லாம் மாவோடு. பெயர் சொன்னதும் வந்துவிட்டது என்று பெண்கள் கத்தினார்கள். அவளைப் படலைக்கு வெளியே தள்ளிவிட்டு, உள்ளே விடவில்லை.

விடிய உங்கள் மச்சான் கரைக்கு வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புத்தளம் ஓடினார். நெருப்புக் காய்ச்சலாம், டொக்டர் டைபொயிட் என்றார். பன்னிரண்டு நாள் வார்ட்டில் இருந்தோம். ஆனால் ஊரில் கேட்டால், பெயர் சொன்னதால்தான் விட்டுப் போனது என்கிறார்கள்.

மதினிக்கு ஸலாம்.

மர்ளியா


சிலாவத்துறை
2011 ஜூன் 24

தங்கச்சிக்கு ஸலாம்.

மருமகளுக்குச் சுகம் என்ற வரியை மூன்று தரம் வாசித்தேன். மதினி இரண்டு ரக்அத் தொழுதாள்.

மற்ற வரிகளையும் வாசித்தேன். அந்தப் பெயர்கள் படித்த சாமான் சொன்னவை இல்லை, நான் கடிகாரத்துக்கு ஆசை காட்டிப் பாடமாக்கச் சொன்னவை. இது உனக்குத் தெரியும். கூளியும் கழுதும் எங்கிருந்து வந்தன என்று அந்த முற்றத்தில் தெரிந்த ஒரே ஆள் நீதான். நீ சொன்னாயா?

பிள்ளை எப்படிப் பவுலினாவின் பெயரைச் சொன்னாள்? நீ அப்போது எங்கே நின்றாய்? எல்லாரையும் எழுதியிருக்கிறாய், உன்னை மட்டும் எழுதவில்லை.

பவுலினா இப்போது எப்படி இருக்கிறாள்? அவளிடம் இடியப்பம் வாங்குகிறார்களா? நமக்கும் ஒரு நாள் ஒரு பெயர் வைத்துத்தான் ஊரை விட்டு அனுப்பினார்கள், மர்ளியா. அன்று நாம் வந்து இறங்கியது யாருடைய கரையில்?

பதில் எழுது.

நானா


கண்டக்குழி
2011 ஆகஸ்ட் 14

அன்புள்ள இஸ்ஸதீன் மாமாவுக்கு றிஷ்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நல்ல சுகம். தலைமுடி கொஞ்சம் கொட்டிவிட்டது. இந்த நோன்பில் பாதி நோன்பு பிடிக்கிறேன். நான் எழுதியது உம்மாவுக்குத் தெரியாது. உங்கள் கடிதம் உம்மாவின் அலுமாரியில் உடுப்புக்குக் கீழே இருக்கிறது. உம்மா புதுக் கண்ணாடி வாங்கிவிட்டா, அதனால் நான் வாசிக்கவில்லை.

மாமா, நான் எல்லாப் பெயரும் பிழையில்லாமல் சொன்னேன். குணங்கு மட்டும் மறந்துவிட்டது. எல்லாம் சொல்லியும் அந்தப் பரிசாரியார் இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்றார். எனக்குப் புகையில் மூச்சு வரவில்லை. உம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தா. அதனால் நான் பவுலினா அன்ரி என்று கத்தினேன். அன்ரி வந்தால் என்னைக் கொண்டுபோய்விடுவா என்றுதான் கூப்பிட்டேன். பேய்க்குப் பெயர் சொல்லவில்லை.

அன்ரி வந்தா. ஆனால் விடவில்லை.

இப்போது அன்ரி வீட்டுக்குப் போனால் உம்மா அடிப்பா. அன்ரியிடம் ஒருவரும் இடியப்பம் வாங்குவதில்லை. ஒழுங்கையில் அன்ரியின் பெயரையும் சொல்லமாட்டார்கள், "அது" என்பார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அவ வளவுக்குள் மீன் குடல் எறிந்தார்கள். நான் சொன்னால் அதுவே என் வாயால் கதைக்கிறது என்பார்கள். நீங்கள் வந்து சொல்வீர்களா?

கடிகாரம் வேண்டாம்.

றிஷ்னா


சிலாவத்துறை
2011 ஆகஸ்ட் 25

அன்புத் தங்கச்சி மர்ளியாவுக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. கஞ்சிக்குத்தான் உன் கைப் பக்குவம் இங்கே யாருக்கும் இல்லை.

போன கடிதத்தில் நீதிமன்றத்தில் கேட்பதுபோல் உன்னிடம் கேட்டுவிட்டேன். இரண்டு மாதமாக யோசிக்கிறேன். பிழையில் பாதி என்னுடையது. விளையாட்டாகப் பெயர் சேர்த்தவன் நான். அதைப் பிள்ளையின் வாயில் வைத்தவனும் நான். கொப்பியைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், மச்சானும் இல்லாமல், நீ தனியாக என்ன பாடுபட்டிருப்பாய் என்று நான் ஒரு வரி கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டாலும் நான் உன் நானாதான்.

பெருநாளுக்கு இரண்டு சட்டைத்துணி அனுப்புகிறேன்.

இஸ்ஸதீன்


கண்டக்குழி
2011 செப்தெம்பர் 18

அன்புள்ள நானா,

ஸலாம். துணி கிடைத்தது. சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை.

நான் எங்கே நின்றேன் என்று கேட்டீர்கள். நிற்கவில்லை. பிள்ளைக்குப் பின்னால் குந்திக்கொண்டு அவள் இரண்டு கையையும் பிடித்திருந்தேன். பரிசாரியார் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். கூளி, கழுது என்று அவள் சொல்லும்போது அது உங்கள் பட்டியல் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவள் "பவுலினா அன்ரீ" என்று கத்தினாள்.

நானா, என் பிள்ளை உம்மா என்று ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. என் கைக்குள் இருந்துகொண்டு அவளைக் கூப்பிட்டாள். வந்து கூட்டிப் போ என்று கூப்பிட்டாள். பெற்றவளுக்கு அது விளங்காதா? பரிசாரியார் "கேட்டீங்களா, பேரைச் சொல்லிட்டுது" என்றபோது என் வாய் மூடிக்கொண்டது. பயத்தால் இல்லை. எரிச்சலால். அவளுக்கு நன்றாக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு கேவலமானவள் நான்.

பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் விடிய இடியப்பம் அவிப்பாள், ஒருவரும் வராமல் பகலில் ஆட்டுக்குப் போடுவாள். நான் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது பெருநாள் அவளுக்கு வட்டிலாப்பம் கொடுத்தேன். இந்தப் பெருநாளைக்குக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் ஆட்டை விற்றாள். அதற்கடுத்த நாள் கதவைப் பூட்டிக்கொண்டு, முந்தலில் இருக்கும் தம்பி நிக்கொலஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸுக்குப் போகும்போது என் படலையைக் கடந்துதான் போனாள். திரும்பிப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

உங்கள் கொப்பியில் இடம் இருந்தால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மர்ளியா


சிலாவத்துறை
2011 செப்தெம்பர் 27

என் தங்கச்சி மர்ளியாவுக்கு ஸலாம்.

அந்தக் கொப்பியில் உன் பெயரை எழுதமாட்டேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காகக் கண்டதையும் பிடித்துத் தொங்கிய ஒரு தாய் நீ. பிறகு செய்தது பிழை. பெரிய பிழை. ஆனால் மனிசர் செய்கிற பிழை.

அல்லாஹ் தனக்குச் செய்ததை மன்னிப்பான். ஒரு மனிசருக்குச் செய்ததை அந்த மனிசரிடம்தான் மாப்புக் கேட்க வேண்டும் என்று நமக்கு வாப்பா சொல்லித் தந்ததுதானே. அவளிடம் போ. போகுமுன் ஊரிடம் சொல், முற்றத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி. நான் வந்து சொன்னால் அது நான் சொன்னதாகத்தான் இருக்கும்.

றிஷ்னாவைக் கூட்டிக்கொண்டு போ. அவள் தைரியமான பிள்ளை.

நானா


கண்டக்குழி
2011 ஒக்தோபர் 23

அன்புள்ள நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் மதினியும் சுகமாய் இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டேன். வாடியில், தேத்தண்ணி நேரத்தில், முப்பது பெண்கள் இருக்கும்போது. "அண்டைக்கி என்ட புள்ள ஷைத்தான்ட பேரு சொல்லல்ல. ஒதவிக்கி ஆளக் கூப்பிட்டது. கையப் புடிச்சிருந்த எனக்கு அது அப்பவே தெரியும்" என்றேன். கைருன்னிஸா தாத்தா, "வாயப் பொத்து, புள்ளக்கித் திரும்பி வந்திரும்" என்றா. "வரட்டும் தாத்தா, வந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றேன். ஒரு சிலர் தலையைக் குனிந்தார்கள். மற்றவர்கள் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டார்கள். ஒருவரும் என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை.

போன வெள்ளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை வட்டிலாப்பம் செய்து எடுத்துக்கொண்டு, நானும் றிஷ்னாவும் முந்தலுக்குப் போனோம். நிக்கொலஸ் வீடு றால் பண்ணைக்குப் பின்னால். பவுலினா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். றிஷ்னா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் படலைக்கு வெளியே நின்றேன், அவள் அன்று நின்றதுபோல். அங்கிருந்தே எல்லாம் சொன்னேன். எரிச்சல்பட்டதையும் சொன்னேன்.

அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "இது எனக்கு அண்டைக்கே தெரியும், மர்ளியா. என்னக் கூப்பிட்ட சத்தம் எனக்குத் தெரியாதா? அதாலதானே மாக் கையோட ஓடி வந்தனான்."

"அப்ப ஏன் ஒரு ஆளுக்கிட்டயும் செல்லல்ல?" என்றேன்.

"பெத்தவ நீ கையப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய். பிள்ள உன்னக் கூப்பிடாம என்னத்தான் கூப்பிட்டதெண்டு ஊருக்கு முன்னால நான் எந்த வாயால சொல்லுறது?"

நானா, ஐந்து மாதம் ஊர் அவளை அது என்று சொன்னது. அவள் எனக்காக வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, வாறேன் என்றும் சொல்லவில்லை. வட்டிலாப்பத்தில் பாதியை றிஷ்னாவுக்கு ஊட்டினாள். புறப்படும்போது மடியிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துத் தந்தாள். "அடுப்பு ஈரத்தில ஊறிக் கிடக்கும். நீ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நெருப்புப் போட்டு வை, பாப்பம்" என்றாள்.

ஒன்பது நாளாகப் போட்டு வருகிறேன். வாடிக்குப் போகுமுன் அவள் குசினியைத் திறந்து, தேங்காய்ப் பொச்சும் மட்டையும் வைத்து மூட்டுவேன். றிஷ்னா ஊதுவாள். கூரையால் புகை எழும்பும், ஒழுங்கை முழுக்கத் தெரியும். முதல் நாள் ஆட்கள் பார்க்காததுபோல் போனார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்த்தது.

இன்று காலையில் கைருன்னிஸா தாத்தா படலையடியில் நின்றா. உள்ளே வரவில்லை. புகையைப் பார்த்துவிட்டு, "மர்ளியா, பவுலினா வந்திட்டாவா?" என்று கேட்டா.

அது என்று கேட்கவில்லை, நானா. பெயரைச் சொல்லிக் கேட்டா. "இன்னும் இல்ல தாத்தா, வருவா" என்றேன். பத்து இடியப்பம் தனக்கு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனா.

வஸ்ஸலாம்.

உங்கள் தங்கச்சி,
மர்ளியா